ஏழரையும் ஒன்பதாவதும்: ஆறு பள்ளிகளில் படித்த ஒரு மாணவியின் கல்லூரி விண்ணப்பம்

2024 மே மாதம், பிளஸ் டூ முடிவு வந்த நான்காம் நாள். எங்கள் பள்ளியின் கணினி அறையில் அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தாள் என்ற கட்டத்தைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டிருந்தாள். மொத்தம் ஏழு வரி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குப் போக இந்தப் படிவம் வேண்டும். ஆறு, ஏழு, எட்டு நிறைந்தன. ஒன்பதாவதுக்கு வந்ததும் பென்சில் நின்றது.

"டீச்சர், வயநாட்டுல படிச்சத எப்படி எழுதணும்?"

ஜனவரியிலேயே நான் அவளிடம், "உனக்கு ஏழரை நிச்சயம், கவலைப்படாதே" என்று சொல்லியிருந்தேன். வீட்டில் போய்ச் சொன்னபோது அவளுடைய அப்பாயி பதறிப்போய், "படிக்கிற புள்ளைக்கு ஏழரைன்னு டீச்சரே சொல்லலாமா?" என்று கேட்டதாம். அன்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். மே மாதம் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

நான் நீலகிரியில், கேரள எல்லையை ஒட்டிய பந்தலூர் வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. நான் முதல்வன் திட்டம் வந்த பிறகு உயர்கல்வி வழிகாட்டும் வேலையும் என் தலையில் விழுந்தது. பிள்ளையின் பெயரையும் பள்ளிகளின் பெயர்களையும் இதில் எழுதவில்லை. நடந்த பிசகில் என் பங்கும் உண்டு, அதை மட்டும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

குடும்பம் ஊர் ஊராகப் போன கதை

அவளுடைய தாத்தா இலங்கையிலிருந்து வந்தவர். 1964 அக்டோபரில் போடப்பட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்களில் பல குடும்பங்களுக்கு நீலகிரியில் வேலை கொடுக்கத்தான் அரசுத் தேயிலைத் திட்டம் 1968-இல் தொடங்கியது. பிறகு அதுவே டான்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. தாத்தாவும் அப்பாயியும் கொழுந்து பறித்தார்கள். அப்பா லைன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் பிறந்தவர், எட்டாவதோடு நின்றவர். தேயிலைச் சம்பளத்தில் குடும்பம் ஓடவில்லை. எங்கள் வட்டத்தில் பாதி வீடுகள் செய்ததை அவரும் செய்தார். திருப்பூருக்குப் பஸ் ஏறினார்.

அவள் ஆறாவதை லைனுக்குக் கீழே இருந்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படித்தாள். ஏழும் எட்டும் திருப்பூரில், மாநகராட்சிப் பள்ளி. எட்டாவது முடியும் நேரத்தில், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பனியன் கம்பெனி மூடியது, வாடகை கொடுக்க வழியில்லை, மலைக்குத் திரும்பினார்கள். அந்த மழைக்காலத்தில் வயநாட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. முதலாளி கொடுத்த பாடியில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், குடியேறினார்கள். இனி இங்கேதான் என்று நினைத்து, அங்கிருந்த அரசுப் பள்ளியில் ஒன்பதாவது சேர்த்தார்கள். ஓர் ஆண்டில் அந்த வேலையும் போனது. பத்தாவது, மறுபடி பந்தலூர் பக்கம், ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பிளஸ் ஒன், ஊட்டியில் விடுதியில் தங்கி. அப்பாயிக்குக் கால் விழுந்துவிட, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பிளஸ் டூவுக்கு எங்களிடம் வந்தாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது தாறுமாறாகத் தெரியலாம். எங்களுக்கு அப்படியில்லை. சேரம்பாடி, எருமாடு பக்கம் இருப்பவர்களுக்கு ஊட்டிக்குப் போவதைவிட சுல்தான் பத்தேரிக்குப் போவது பக்கம். மாநில எல்லை என்றால் ஒரு சோதனைச் சாவடி, அதன் பக்கத்தில் ஒரு டீக்கடை. அந்தக் கோட்டைத் தாண்டினால் பிள்ளையின் கல்லூரிச் சீட்டுக்கு என்ன ஆகும் என்று யாரும் யோசித்துக்கொண்டு தாண்டுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கும் சட்டம் 2021 ஆகஸ்டில் நிறைவேறியது. மருத்துவத்துக்கு அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு விலக்கும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் தகுதி உடையவர்கள். பள்ளி மாறும் பிள்ளைகளைச் சட்டம் எழுதியவர்கள் மறந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் அவர்கள் யோசித்தது தனியாரிலிருந்து அரசுக்கு வரும் பிள்ளையை. ஓர் அரசுப் பள்ளியிலிருந்து இன்னோர் அரசின் பள்ளிக்குப் போய்த் திரும்பிய பிள்ளைக்கு அதில் இடமில்லை.

இந்த ஒதுக்கீட்டில் சீட்டு கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. அதோடு புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்பதே அப்போது விதி. நான்கு ஆண்டுப் பொறியியலுக்கு 48,000 ரூபாய். ஒன்பதாவது என்ற ஒரு வரி இரண்டையும் சேர்த்து அடித்துவிட்டது.

நான் எங்கே கோட்டைவிட்டேன்

வயநாட்டிலிருந்து திரும்பியபோது பத்தாவது சேர்த்த பள்ளியில் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில் அவளுடைய பழைய எண்ணைத் தேடாமல் புதிதாக ஒன்று போட்டுவிட்டார்கள். பழைய எண் எட்டாவதோடு நின்று பொதுத் தொகுப்பில் கிடந்தது. எங்களிடம் வந்தபோது இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லி எழுதியவள் நான்தான். பழையதில் ஆறு, ஏழு, எட்டு. புதியதில் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. எல்லாம் அரசுப் பள்ளி. நடுவில் 2020–21 இல்லை. கொரோனா ஆண்டுதானே, 2021 பிப்ரவரியில் ஒன்பது, பத்து, பிளஸ் ஒன் மூன்றுக்கும் ஆல் பாஸ் என்று அறிவித்துவிட்டார்கள், பதிவு விட்டுப்போயிருக்கும் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு கடந்துவிட்டேன். "ஒன்பதாவது எங்கேம்மா படிச்சே?" என்று கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஜனவரியில் கேட்டிருந்தாலும் விதி மாறியிருக்காது, உண்மைதான். ஆனால் நான்கு மாதம் அவள் அரசுக் கல்லூரி, இலவச விடுதி என்று கணக்குப் போட்டுப் படித்தாள். அப்பா அந்தக் கணக்கை நம்பி, மாதாமாதம் கட்டிய ஏலச்சீட்டுப் பணத்தை எடுத்து வீட்டுக் கூரைக்குத் தகரம் வாங்கிவிட்டார். ஜனவரியில் தெரிந்திருந்தால் அந்தப் பணம் விடுதிக்கு ஆகியிருக்கும்.

படிவம் நிரப்பிய அன்று சாயங்காலம் விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அங்கிருந்த பையன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒன்பதையும் பத்தாவது ஸ்கூல்லயே படிச்சதா போட்டுடுங்க மிஸ், யாரு பாக்கப்போறா" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். சான்றிதழ் சரிபார்ப்பில் பிடிபட்டால் சீட்டு போகும், கையெழுத்துப் போட்ட தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, ஒன்பதாவதுக்கு நேரே வயநாட்டுப் பள்ளியின் பெயரைப் பேனாவால் எழுதச் சொன்னேன். 7.5 பெட்டியில் டிக் அடிக்கவில்லை.

சோலாடியைத் தாண்டி

அப்படியும் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. அந்த ஆண்டு அவள் பள்ளிக்கே போகவில்லை. 2020 ஜூனில் கேரளத்தில் விக்டர்ஸ் சேனலில் ஃபர்ஸ்ட் பெல் என்று பாடம் நடத்தத் தொடங்கினார்கள். ஒன்பதாவது பிள்ளைகளுக்கு அந்தக் கல்வியாண்டு முழுக்க வகுப்பறை திறக்கவே இல்லை. பாடியில் டிவி கிடையாது. அப்பாவின் போன் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கைக்கு வரும். பாடப் புத்தகம் வாங்க ஒரே ஒருநாள் பள்ளி வாசல் வரை போயிருக்கிறாள். பெஞ்சில் உட்காராத பள்ளியைப் படித்த பள்ளி என்று எப்படிச் சொல்வது? மனு எழுதலாமா என்று யோசித்தேன்.

ஒரு சனிக்கிழமை அவளையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு, எல்லையில் இருக்கும் சோலாடி வழியாக அந்த வயநாட்டுப் பள்ளிக்குப் போனேன். கோடை விடுமுறை, அலுவலகம் மட்டும் திறந்திருந்தது. தலைமையாசிரியர் பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசினார். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து விரித்தார். அவள் பெயர் ஒரு வரி. சேர்ந்த தேதி, விலகிய தேதி, டி.சி. எண். பெயருக்குப் பின்னால் இனிஷியல், எங்கள் ஊரில் முன்னால் போடுவது. ஆங்கிலத்தில் எழுதியபோது நடுவில் ஒரு 'ஹெச்' சேர்ந்திருந்தது. அவள் விரலால் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தாள். "இந்த ஸ்கூல உள்ள இருந்து இன்னைக்குத்தான் டீச்சர் பாக்கறேன்" என்றாள்.

அங்கேயே எனக்கு மனு எழுதும் ஆசை போய்விட்டது. பதிவேட்டில் வரி இருக்கிறது, தேர்ச்சி போட்டிருக்கிறது, அதை வைத்துத்தான் பத்தாவதில் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஆண்டைப் படிக்கவில்லை என்று வாதாடினால் பத்தாவது சேர்க்கையே ஆட்டம் காணும். பிறகு மாவட்டத்தில் ஓர் அதிகாரியிடம் வாய்மொழியாகக் கேட்டேன். அவரும் இதைத்தான் சொன்னார். தலைமையாசிரியர் படிப்புச் சான்றை அன்றே எழுதிக் கொடுத்தார். பெயர் வேறுபாட்டுக்கு, இருவரும் ஒருவரே என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டார். அதை நான் கேட்கக்கூட இல்லை.

பள்ளி மாற்றம் பற்றிக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. டி.சி. வரத் தாமதமானாலும் பிள்ளையைச் சேர்க்காமல் இருக்கக் கூடாது. ஆனால் அது எட்டாவது வரைதான். ஒன்பதாவதிலிருந்து ஒவ்வொரு தாளுக்கும் நாமேதான் அலைய வேண்டும்.

நேட்டிவிட்டி

எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் பொறியியல் கலந்தாய்வுக்கு நேட்டிவிட்டி, அதாவது இந்த மாநிலத்தைச் சேர்ந்தவர் என்ற சான்று, தேவையில்லை. அதில் ஓர் ஆண்டு வெளிமாநிலம் என்றால் வேண்டும். இ-சேவையில் 60 ரூபாய் கட்டிப் பதிவு செய்தோம். தேர்தல் நேரம், ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை வரை வருவாய்த் துறையில் யாரையும் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. வி.ஏ.ஓ. நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் சந்தேகம். திருப்பூரில் இரண்டு ஆண்டு, வயநாட்டில் ஓர் ஆண்டு, ரேஷன் கார்டில் முகவரி இரண்டு தரம் மாறியிருக்கிறது. "இவங்க இந்த ஊருன்னு நான் எத வச்சு எழுதறது டீச்சர்?" என்றார்.

தகரப் பெட்டியிலிருந்து அப்பாயி எடுத்து வந்தது, தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை. மண்டபம் முகாமில் கொடுத்தது. கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது, பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துத் தைத்திருந்தார். அதோடு அப்பா படித்த தோட்டப் பள்ளியின் டி.சி. பிறந்த ஊர் என்ற இடத்தில் எங்கள் வட்டத்தின் பெயர். இரண்டையும் ஸ்கேன் செய்து ஏற்றினோம். பத்து நாளில் சான்று வந்தது. தாத்தா காலத்தில் கப்பலேறி வந்ததற்குக் கொடுத்த அட்டை, பேத்தி எல்லை தாண்டிப் படித்த ஓர் ஆண்டை ஈடுகட்ட உதவியது. அப்பாயிக்கு அதில் பெரிய பெருமை. "நான் சும்மா வச்சிருக்கலடி" என்றார்.

கணக்கில் விழுந்த ஓட்டை

தாள்களைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன். பாடத்தில் ஏற்பட்ட இடைவெளியைத்தான் நான் முதலில் கண்டுபிடித்தேன், அதன் காரணத்தைத்தான் கேட்கவில்லை. பிளஸ் டூவில் நேர்மாறு முக்கோணவியல் சார்புகள் நடத்தும்போது, சைன் 30 என்றால் அரை என்று டக்கென்று சொன்னாள். ஏன் அரை என்று கேட்டேன். தெரியவில்லை. முக்கோணம் வரையச் சொன்னால் எந்தப் பக்கம் எதிர்ப்பக்கம் என்று தடுமாறினாள். தமிழ்நாட்டில் முக்கோணவியல் ஒன்பதாவதில் தொடங்குகிறது, கேரளத்தில் பத்தாவதில். அவள் ஒன்பதாவது அங்கே, பத்தாவது இங்கே. இரண்டு பாடத்திட்டத்திலும் தொடக்கம் அவள் இல்லாதபோது நடந்து முடிந்துவிட்டது. பத்தாவதில் நேராக முற்றொருமையில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அட்டவணையை மனப்பாடம் செய்து தப்பித்திருக்கிறாள்.

எங்கள் பகுதியில் நாலேகாலுக்கு மேல் தனி வகுப்பு வைக்க முடியாது. யானை இறங்கும் பாதை, பஸ்ஸை விட்டால் நடக்க முடியாது. மதிய இடைவேளையில் பதினைந்து நாள், ஒன்பதாவது புத்தகத்தை வைத்து உட்கார்ந்தோம். பள்ளிக் கொடிக்கம்பத்தின் நிழலை அளந்து உயரம் கண்டுபிடித்த அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கணிதத்தில் 78, இயற்பியலில் 74, வேதியியலில் 81. மூன்றையும் வைத்துப் போடும் பொறியியல் கட்-ஆஃப் 155.5.

அரைப் பக்கக் கடிதம்

அரசுக் கலந்தாய்வு யாரிடமும் கதை கேட்பதில்லை. மதிப்பெண், சாதி, சான்று, அவ்வளவுதான். ஆறு பள்ளி ஏன் மாறினாய் என்று அது கேட்காதது ஒருவகையில் நல்லது என்றுகூட நினைக்கிறேன். ஆனால் விடுதிச் செலவுக்காக அணுகிய ஓர் அறக்கட்டளையின் படிவத்தில் அரைப் பக்கம் காலியாக விட்டு, படிப்பில் இடைவெளியோ பள்ளி மாற்றமோ இருந்தால் விளக்கவும் என்று போட்டிருந்தார்கள்.

அவள் எழுதிய முதல் வரைவில் "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்ற தொடர் ஐந்து முறை வந்தது. ஒவ்வொரு பள்ளி மாற்றத்துக்கும் ஒன்று. படித்தால் குற்றம் செய்தவர் மன்னிப்புக் கேட்கும் தொனி. நான் அதில் கை வைக்கவில்லை, கேள்விதான் கேட்டேன். திருப்பூர்ல கணக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்க? வயநாட்டுல போன் வர்ற வரைக்கும் என்ன செஞ்சே? அவள் சொல்லச் சொல்ல, சொன்னதையே எழுதச் சொன்னேன்.

இரண்டாவது வரைவு இப்படி இருந்தது: "ஒன்பதாவதில் சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா தோட்டத்திலிருந்து வருவார். போனை வாங்கி அன்றைய பாடத்தை மலையாளத்தில் கேட்பேன். புரியாத சொல்லைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு, தமிழில் நோட்டில் எழுதி வைப்பேன். அந்த நோட்டு இப்போதும் இருக்கிறது. முக்கோணவியலை நான் பன்னிரண்டாவதில்தான் சரியாகப் படித்தேன்." கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று அவள் கேட்டாள். மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு அந்த வாக்கியம் பயன்படும் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். விடுதிச் செலவில் பாதியை அவர்கள் ஏற்றார்கள். அந்த வாக்கியத்தாலா என்று கேட்டால், எனக்குத் தெரியாது.

எங்கே சேர்ந்தாள்

கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் தனியாக விண்ணப்பித்திருந்தாள். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்தது. அப்பாவுக்கு அதில்தான் விருப்பம். பஸ் இருக்கிறது, செலவு குறைவு, அப்பாயியை வாரா வாரம் வந்து பார்க்கலாம். நானும் உள்ளுக்குள் அவர் பக்கம்தான், கணித ஆசிரியைக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆகஸ்டில் இரண்டாம் சுற்றில் கோவைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் மின்னணுவியல் தொடர்பியல் கிடைத்தது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கல்விக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளும். விடுதிச் செலவில் மீதிப் பாதிக்கு அப்பா கடன் வாங்கினார். அவள் கோவைக்குத்தான் போவேன் என்று நின்றாள்.

அதே வகுப்பில் ஆறாவதிலிருந்து ஒரே வளாகத்தில் படித்த ஒரு பையனுக்கு 141 கட்-ஆஃபில் 7.5 ஒதுக்கீட்டில் அரசுக் கல்லூரி கிடைத்தது. அவளுக்கு வருத்தமாக இருக்குமே என்று நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். "அவன் ஒரே எடத்துல இருந்தான் டீச்சர்" என்றாள், பஸ் நேரம் சொல்வதைப் போல.

அதற்குப் பிறகு பிளஸ் ஒன் சேர வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் அந்த ஏழு வரிக் கட்டத்தைப் பென்சிலால் நிரப்பச் சொல்கிறேன். எமிஸை அதற்குப் பிறகுதான் திறக்கிறேன். சென்ற முறை பன்னிரண்டு பேரில் மூவருக்கு ஒரு வரி கேரளத்திலோ கர்நாடகத்திலோ இருந்தது. அவர்களிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஒரு பையனின் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதார். ஆனாலும் அவர்கள் கையில் இரண்டு ஆண்டு இருக்கிறது.

கல்லூரியில் சேரும் நாள் அவள் ஆறு பள்ளிகளின் தாள்களையும் ஒரு துணிக்கடைப் பையில் போட்டு எடுத்துப் போனாள். பழைய டி.சி. நகல்கள், வயநாட்டுச் சான்று, அப்பாயியின் அட்டை நகல், இருவரும் ஒருவரே என்ற கடிதம், எல்லாம். மதியம் போன் செய்தாள்.

"டீச்சர், கடைசி டி.சி. ஒண்ணுதான் வாங்கினாங்க. மத்ததெல்லாம் பாக்கவே இல்ல, திருப்பிக் குடுத்துட்டாங்க. நேட்டிவிட்டி மட்டும் ரெண்டு ஜெராக்ஸ் கேக்கறாங்க. இங்க ஜெராக்ஸ் கடை எங்கன்னு தெரியல, தேடிட்டிருக்கேன்."